பெயர் மட்டும் ஒன்று

திருச்செங்கோட்டில் எங்கள் குடும்பப் பெயரில் ஒரு வக்கீலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஒரு ரிக் கம்பெனியும், அப்பாவின் டயர் கடையும் இருந்தன. உறவு எதுவும் கிடையாது.

ஒரு மதியம் ஒரு பெண் வந்து அப்பாவின் காலில் விழுந்தார். வடக்கே போர்வெல் போடப் போன அவர் கணவர், ரிக்கின் குழாய் சரிந்து இறந்துவிட்டாராம்.

"உடம்பையாச்சும் கொண்டாந்து குடுங்க, சாமி."

"அந்தக் கம்பெனி எங்களுது இல்லீங்கம்மா" என்றார் அப்பா.

"போன்ல பேரப் போட்டா உங்க கடதானுங்க காட்டுது."

அப்பா அவரை ரிக் ஆபீசுக்கு அழைத்துப் போனார். பூட்டிக் கிடந்தது. முதலாளி போனையும் எடுக்கவில்லை. கடைசியில் அப்பாவே ஆம்புலன்ஸ் பிடித்து உடலை வரவழைத்தார்.

சுடுகாட்டில் இறந்தவரின் அண்ணன் அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "இப்பத்தான் வர நேரம் கெடச்சுதாங்க, மொதலாளி?"

அப்பா மறுக்கவில்லை. சட்டையைப் பிடித்த கை தளரும்வரை அப்படியே நின்றார்.