அது மூன்றாம் பாகத்தில் வருகிறது

டைம்கீப்பர் எழுதிய புத்தகத்தை அவராலேயே தூக்க முடியாது. மூன்று கட்டுகளாகக் கட்டி, இரண்டைத் தானும் ஒன்றை மனைவியுமாகச் சுமந்துகொண்டுதான் பதிப்பாளர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறினார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முப்பத்தோரு வருடத்துக்கு முன் மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தின் கதை, நாள்வாரியாக. மில் வாசலில் உட்கார்ந்து யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று பதிவேட்டில் எழுதியே வாழ்க்கையை ஓட்டியவர் புத்தகத்தையும் அப்படித்தான் எழுதினார். திங்களுக்குப் பிறகு செவ்வாய், செவ்வாய்க்குப் பிறகு புதன். பதினோரு வருடம் அவர் கிறுக்கித் தள்ளியதையெல்லாம் மனைவி குண்டு குண்டான எழுத்தில் நகல் எடுத்தாள்.

இத்தனை பாடும் உண்மையில் இருபத்தெட்டுப் பக்கத்துக்காகத்தான். வேலைநிறுத்தத்துக்கு முன் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. அதற்குப் போனவர்களின் பட்டியல் மேனேஜர் கைக்குப் போய், நாற்பத்து மூன்று பேருக்கு வேலை போனது. மறுநாள் மேனேஜர் அறையிலிருந்து, மில்லில் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வெளியே வந்ததை நாலு பேர் பார்த்தார்கள். ஜன்னல் தாழ்ப்பாளை மாற்றப் போனேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் காட்டிக்கொடுத்தவர். மகள் கல்யாணத்துக்குக்கூட மில் ஆட்கள் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டியலை எழுதிக் கொடுத்தவர் டைம்கீப்பர். யாரும் அவரை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அந்த அறையில் அவர் தரத்து ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார், காகிதத்தை வாங்கினார், எழுதினார். இது ஆயிரத்து நூற்று எண்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. மேனேஜர் ஓய்வு பெற்ற நாளன்று கதைக்குள் வரும் டைம்கீப்பர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தார். அவ்வளவு தூரம் தள்ளி வைத்தால்தான் அவருக்கு அதை எழுதவே வந்தது.

பதிப்பாளர் கட்டுகளைத் தட்டிப் பார்த்தார். "சார், இதை ஒரே புத்தகமா போட்டா ரெண்டாவது நாளே பைண்டிங் விட்டுடும். தலைக்கு வெச்சுப் படுக்கத்தான் லாயக்கு. மூணு பாகமா போடுவோம். முதல் பாகம் இப்ப, மத்தது வருஷத்துக்கு ஒண்ணு. இல்ல, ஒண்ணாத்தான் வேணும்னா மெல்லிசு பேப்பர், பொடி எழுத்து. அதுக்கு ஆறு மாசம் பொறுக்கணும். நாளைக்கு முடிவு சொல்லுங்க."

பஸ் நிறுத்தத்தில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசம்தானே? பொறுத்துக்கிட்டு ஒண்ணாவே போடுங்க. இல்லன்னா அந்த இருபத்தெட்டுப் பக்கத்தைத் தூக்கி முதல் பாகத்துல வைங்க."

"நாள் வரிசை கெட்டுடும்."

"ஆமா, உங்க வரிசை! அந்த மனுஷன் முப்பது வருஷமா தெருவுல தலை நிமிராம நடக்கிறாரு. இவருக்கு வரிசை கெட்டுடுமாம்."

"மூணாவது பாகத்துல எல்லாம் வந்துடுமே."

"அவருக்கு எழுபத்தாறு வயசு. உங்க மூணாவது பாகம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்தா?"

டைம்கீப்பர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: மூன்று பாகம் என்றால் இன்னும் இரண்டு வருடம் தெருவில் மரியாதையாக நடக்கலாம். அதை அவர் கணக்கு என்று ஒப்புக்கொள்ளவில்லை. பைண்டிங் முக்கியம், வாசகர் வசதி முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கோழைக்குக் காரணமா கிடைக்காது? மறுநாள் போய் மூன்று பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பாகம், பட்டியல் மேனேஜர் கைக்குப் போன சேதி வெளியான நாளோடு முடிந்தது. "அன்று மாலை எல்லோரும் ஃபிட்டரைப் பார்த்தார்கள்" என்பது கடைசி வரி. பதிப்பாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பின்னட்டையிலும் பெரிதாகப் போட்டுவிட்டார். பழைய மில் ஆட்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். "புட்டுப் புட்டு வெச்சுட்டீங்க. அந்தத் துரோகியை விட்டுடாதீங்க!" டைம்கீப்பர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

பத்து நாள் கழித்து ஃபிட்டரே புத்தகத்தோடு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "முழுக்கப் படிச்சேன் சார். அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா நான் தாழ்ப்பாள் மாத்தப் போனதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?"

"அது மூணாவது பாகத்துல வருது."

ஃபிட்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "வருதா? கொடுத்தது யாருன்னும் வருதா? பேரோடவா?"

"பேரோட."

"போதும் சார். அவசரமே இல்ல, நிதானமா போடுங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "பாவம், அந்த ஆளுக்கும் பொண்டாட்டி புள்ளை இருப்பாங்கள்ல? பாத்துப் பக்குவமா எழுதுங்க."

மனைவி தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் ஃபிட்டர் படியிறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் அவரோடு சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சு பேசவில்லை.

ஒரு வருடம் போனது. முதல் பாகம் அசையவே இல்லை, கட்டுக் கட்டாகக் கிடங்கில் கிடக்கிறது, இரண்டாவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்று பதிப்பாளர் போனில் சொன்னார். டைம்கீப்பருக்கு மூச்சு லேசாக வந்தது. பதினோரு வருட உழைப்பு மண்ணாகிப் போன சேதிக்கு நிம்மதிப்படுகிற தன்னை அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

அடுத்த மாதம் ஃபிட்டர் இறந்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் துக்கம் விசாரிக்கப் போனார்கள். சிறிய அறை, சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி. அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் தரையில் இருந்தார்கள். ஃபிட்டரின் மகள் டைம்கீப்பரைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "மில்லுலேருந்து ஒருத்தர்கூட வரல சார். நீங்கதான் முதல் ஆள். மூணாவது பாகம் வந்துடுச்சான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார்."

அவர் உட்கார்ந்தார்.

மனைவி உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மகளின் கையில் வைத்தாள். "மூணாவது பாகத்துல வர்றதும்மா. என் கையெழுத்துதான், புரியும். படி."

"வீட்டுக்குப் போயி..." என்று டைம்கீப்பர் ஆரம்பித்தார்.

மகள் நின்றுகொண்டே படித்தாள். ஆறேழு பக்கம் தாண்டியதும் படிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மறுபடி குனிந்து படித்தாள். இருபத்தெட்டுப் பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அப்பா உங்க வீட்டுக்கு வந்தாரே, அன்னிக்கே இதெல்லாம் எழுதி முடிச்சிருந்தீங்களா?"

"முடிச்சிருந்தேன்."

அவள் கத்தவில்லை. காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க இருங்கம்மா" என்றாள். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க."