என் வாயில் பேசியவள்

எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயது. என் வயதுப் பெண்கள் எல்லோரும் சமைந்து, சடங்கும் முடிந்திருந்தது. எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. மாதம் ஒருமுறை அடிவயிற்றைப் பிழிகிற வலி மட்டும் வரும். தோட்டத்து மருந்து ஐயா வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார்.

பிறகு வயிறு மேடிட்டது. மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருநாள் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் முடியைப் பிடித்தாள்.

"வயசுக்கு வந்ததையும் மறைச்சிட்டியா? யாருடி அவன்?"

"யாரும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

அப்பா நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் வேலைக்குப் போனார்.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கீழேயிருந்த வீட்டு வரிசையில், கீழ் லயத்தில், ஒரு பெண் இப்படித்தான் வயிறு பெருத்து, பேச்சுத் தாங்காமல் ஆற்றில் விழுந்து செத்திருந்தாள். அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று லயத்தில் கதை கிளம்பியது. அம்மாவுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. பேய் பிடித்தால் மானம் போகாது.

கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் என் முதுகில் விளாசினார்.

"யாரு நீ? சொல்லு!"

"கீழ் லயத்துக்காரி" என்றது என் வாய்.

"ஏன் செத்தே?"

"நான் சொன்னத எங்கம்மா நம்பல."

அடி நிற்கட்டும் என்று நானேதான் சொன்னேனா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த, அந்தச் செத்தவளின் அம்மா வாயில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

பேய் இறங்கியதாகச் சொன்னார்கள். ஆனால் அடுத்த மாத வலியில் எனக்குச் சிறுநீரே அடைத்துவிட்டது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"உங்கட மகள் ஒரு பிழையும் செய்யேல்லை. அவ எப்பவோ பெரிசாயிட்டா. ரத்தம் வெளியில வாற வழி பிறவியிலேயே மூடிக் கிடக்குது. அவ்வளவு ரத்தமும் உள்ளுக்கையே நிண்டுட்டுது. இப்பிடிப் பிள்ளையள் இடைக்கிடை வாறவை."

சின்னதாக ஒரு கீறல்தான். கறுத்துக் குழம்பாகிப்போன பழைய ரத்தம் வடிந்தது, வயிறு வற்றியது. வார்டு வாசலில் அப்பா துண்டை வாயில் வைத்து அழுதாராம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சடங்கு வைத்தாள். பீலியில் என்னைப் பார்த்த அதே பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். கீழ் லயத்து அம்மா மட்டும் வரவில்லை.

பிறகு ஒருநாள் மலையில், மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று நின்று, அவள் நான் கொழுந்து எடுக்கும் நிரைக்கு வந்தாள்.

"அந்த டாக்டரம்மா சொன்னத அப்புடியே சொல்லு."

சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ளயும் மாசாமாசம் வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டு கெடப்பா. அவளுக்கும் இதுதானா?"

"தெரியலைங்க."

"அன்னைக்கி ஒன் வாயில பேசினது அவதானே?"

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. "ஆமாங்க" என்றேன்.

"இன்னொருக்கா பேசச் சொல்லு. அம்மா இப்ப நம்புறேன்னு அவகிட்ட சொல்லணும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மனதார அந்தச் செத்தவளை அழைத்தேன். தேயிலைக்குள் காற்றுச் சத்தம் கேட்டது. வேறு எதுவும் வரவில்லை. அந்த அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

சில வருடங்களில், இரு நாட்டு ஒப்பந்தப்படி, அந்த அம்மா வீட்டார் இந்தியாவுக்குப் போக நேர்ந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. வழியனுப்ப ரோட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி வந்து, என் கன்னத்தைத் தொட்டு, தன் மகளின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா" என்றேன்.