எட்மண்டன் வீட்டு லொஃப்டும் பிறத்தியார் பெட்டிகளும்

இரண்டு கைகள் வாசற்கதவின் அடியில் வேலை செய்துகொண்டிருந்தன. இடது கை ஒரு அலுமினியச் சட்டத்தைக் கதவோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை திருகாணியைச் சுழற்றியது. சட்டத்தின் கீழ் விளிம்பில் தூரிகைபோல ஒரு வரிசை மயிர். அது தரையைத் தொட வேண்டும், கம்பளத்தை இழுக்கக் கூடாது. கைகள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தன. ஒரு மூலையில் கம்பளம் இழுபட்டது. திருகாணிகளைத் தளர்த்தி, சட்டத்தை ஒரு நூலளவு உயர்த்தி, மறுபடி இறுக்கின. பிறகு ஒரு விரல் கதவின் விளிம்போடு மெதுவாக மேலே போனது. குளிர் விரலைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி விழுந்தது.

"தங்கச்சி, எழும்பி இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றார் வீட்டுக்காரி வசந்தமலர். "ரெண்டு ஆம்பிளையள் வருவினம் எண்டுதான் நான் நினைச்சிருந்தன்."

"ஒரு ஆம்பிளை வந்திருக்கிறார் அக்கா. வெளியிலை சாமான் வானுக்கை நிக்கிறார். உங்கட லொஃப்ட் வாசலுக்குள்ளை அவர் கொள்ளமாட்டார். அதாலைதான் நான்."

சொன்னவர் டொலறஸ். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் பிறந்து, 1985இல் லண்டன் வந்தவர். வந்த முதல் வருடம் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. நெடுநாள் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு ஒரு வருட வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. லண்டனின் வடபுறத்து எட்மண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் இயங்கிய சிறு நிலையம் அந்தத் திட்டத்தில் ஆட்களை எடுத்து, வசதி குறைந்த முதியவர்களின் வீடுகளில் குளிர்காற்றுப் புகும் இடங்களை அடைத்துக் கொடுத்தது. டொலறஸ் அங்கே தட்டச்சு செய்யத்தான் போனார்.

ஒருநாள் மறந்துவிட்ட ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக வேலை நடக்கும் வீட்டுக்குப் போனவர், டெறி என்ற வெள்ளைக்கார வேலையாள் லொஃப்ட் வாசலில் தோள்மட்டத்தில் சிக்கி நிற்பதைக் கண்டார். மாடியறைகளின் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இருட்டு வெளியைத்தான் இங்கே லொஃப்ட் என்பார்கள். அந்த வீட்டில் அதன் வாசல் ஒரு தேநீர்த் தட்டை விடச் சற்றுத்தான் பெரிது. டெறியை இரண்டு பேர் காலைப் பிடித்து இறக்கினார்கள். டொலறஸ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் தட்டச்சு மேசைக்குத் திரும்பவே இல்லை.

"ஊரிலை பூனைதான் முகட்டுக்குள்ளை திரியும்," என்று அவருடைய கணவர் யேசுரட்ணம் வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் சொல்லுவார். "இஞ்சை என்ர மனிசி திரியிறா."

"பூனைக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கிறேல்லை," என்பார் டொலறஸ்.

அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. முன்பு யாரோ அவசரத்தில் செய்துவிட்டுப் போன வேலையைக் கிளறிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். வீட்டுச் சூடு கூரை வழியே போகாமலிருக்க லொஃப்டில் கண்ணாடிப் பஞ்சு விரிப்பார்கள்; ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே அதை விரிக்கக் கூடாது. விரித்தால் வீட்டுச் சூடு மேலே வராமல் தொட்டி உறைந்துபோகும். கூரை சரிந்து சுவரைத் தொடும் ஓரத்தில் காற்றுக்கு வழி விட வேண்டும். விடாவிட்டால் மரம் ஈரித்து உளுத்துவிடும். மின்கம்பியின் மேல் பஞ்சைப் போடக் கூடாது. சீலிங்கைத் தாங்கும் மரச்சட்டத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை அவர் ஒரு கிழவரின் குளியலறைச் சீலிங்கில் கால் விட்டுக் கற்றார். கிழவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையை டெறி பல வருடங்களுக்குச் சொன்னான்.

1988இல் அந்த வேலைத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நிலையம் உள்ளூர்க் கவுன்சில் தந்த கொஞ்சப் பணத்தில் தள்ளாடி நின்றது; டொலறஸும் டெறியும் அதிலேயே இருந்தார்கள். 1991இல் அரசாங்கம் வேறொரு திட்டம் கொண்டுவந்தது. பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணத்தில் குறிப்பிட்ட சில வகை பெறும் குடும்பங்களுக்கு லொஃப்டில் கண்ணாடிப் பஞ்சு விரிக்கவும், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்கவும் மானியம். பணம் வீட்டுக்காரர் கைக்கு வராது. நிலையம் வேலையை முடித்து, வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த தாளை அனுப்பினால், அதற்குரியது நிலையத்துக்கு வரும். அரசாங்கக் கணக்கு வருடம் மார்ச் முடிவோடு முடிகிறது. ஆகவே ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியில், நிலையத்தை நடத்திய மகாலிங்கத்தின் முகம் சுருங்கத் தொடங்கும். அவர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கைவசம் இருக்கும் வீடுகளை முடிக்க வேண்டும். முடிக்க முடியாத வீட்டைத் தள்ளிவிட்டு, காத்திருக்கும் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். தள்ளப்பட்டவருக்கு அடுத்த வருடப் பணம் எப்போது வரும், வருமா என்பதை அவராலும் சொல்ல முடியாது.

இது 1992 பெப்ரவரி. வசந்தமலரின் கணவர் பாலேந்திரா நிமோனியாவில் கிடந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். நெஞ்சைக் குளிரவிடக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் படுக்கும் மாடியறையின் சீலிங் மூலைகள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. அவர் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கோ?" என்று டொலறஸைப் பார்த்துக் கேட்டார். "வந்தா ஏறிப் போடுவன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றார் வசந்தமலர்.

டொலறஸ் ஏணியை வைத்து, லொஃப்ட் மூடியைத் தள்ளி, டோர்ச் வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

உள்ளே சூட்கேஸ்கள். இருபதுக்கும் மேல் இருக்கும். கயிறு கட்டியவை, பெல்ட் போட்டவை, பூட்டுத் தொங்குபவை. பஞ்சு விரிக்க ஒரு முழ இடம் இல்லை.

"அக்கா, லொஃப்டிலை சாமான் இருக்கோ எண்டு ஒஃபிசிலை இருந்து கேட்டவை. இல்லை எண்டு சொல்லியிருக்கிறியள்."

"எங்கட சாமான் ஒண்டும் இல்லைத்தானே, தங்கச்சி. அது எல்லாம் பெடியள் வைச்சிட்டுப் போனது."

அந்த வீடு பல வருடங்களாகப் புதிதாக வருபவர்களின் முதல் தங்குமிடம். விமானநிலையத்திலிருந்து நேரே அங்கே வந்து, ஒரு மாதமோ ஆறு மாதமோ இருந்துவிட்டு, ஒரு தோள்பையோடு கனடாவுக்கும் சுவிஸுக்கும் ஜேர்மனிக்கும் போனவர்கள் பலர். பயணத்துக்குப் பாரம் கூடாது. பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வந்து எடுக்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். வசந்தமலர் வாங்கி வைத்தார். எதையும் திறப்பதில்லை, எவரிடமும் கொடுப்பதில்லை என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு.

டொலறஸ் கீழே இறங்கி, வசந்தமலரின் தொலைபேசியிலேயே மகாலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"காலி பண்ணலைன்னா நாம தொட முடியாது லா," என்றார் அவர். "போன வருஷம் அந்தக் கிழவியோட கிறிஸ்மஸ் மரம் உடைஞ்சதுக்கு நான் எத்தனை கடிதம் எழுதினேன், மறந்துட்டியாம்மா? விட்டுட்டு வா. அடுத்த பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

"மனிசன் நெஞ்சு வருத்தக்காரன், மகா அண்ணை."

"ஆமா, புரியுது. அதுக்காகப் பெட்டி மேலயா பஞ்சு போடுவே?" சற்றுப் பொறுத்து, "வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

லொஃப்ட் காலியாக இருக்க வேண்டும் என்ற விதியில் பிழை இல்லை என்று டொலறஸுக்குத் தெரியும். பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் சூட்டைக் காக்கிறது. அதன் மேல் பாரம் வைத்து நசித்தால் விரித்தும் பயனில்லை. ஆகவே பெட்டிகள் இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? கீழே எல்லா அறைகளிலும் ஆட்கள். பாலேந்திராவின் தம்பிமார் வெதுப்பகத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் பகல் ஷிப்ட், மற்றவர் இரவு ஷிப்ட். இருவருக்கும் ஒரே கட்டில், அதில் எந்நேரமும் ஒருவர் படுத்திருப்பார்.

"எங்கட கோயில் மண்டபத்திலை கேட்டுப் பாக்கட்டோ?" என்றார் டொலறஸ்.

"என்னட்டைத் தந்தவை, தங்கச்சி. மண்டபத்திட்டைத் தரேல்லை."

"அப்ப ரெலிபோன் நம்பர் இருக்கிற ஆக்களுக்கு அடியுங்கோ."

வசந்தமலர் அன்று பின்னேரமே தொடங்கினார். லண்டனிலேயே மோர்டனில் இருந்த ஒருவர் உடனே வந்து தன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த காற்சட்டையை இடுப்பில் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு எடுத்துப் போனார். அதற்குப் பக்கத்தூர் சட்டனில் இருந்தவர், கோடைக்கு வாறன் என்றார். ரொறன்ரோவில் இருந்தவர், எல்லாத்தையும் எறியுங்கோ அக்கா என்றார். அதை வசந்தமலர் ஏற்றுக்கொள்ளவில்லை. "நேரிலை வந்து எறியட்டும்," என்று சொல்லி ரிசீவரை வைத்தார்.

வியாழக்கிழமை டொலறஸ் மறுபடி வந்தபோது பெட்டிகளில் நாலைந்துதான் குறைந்திருந்தன. வசந்தமலர் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ தங்கச்சி. பஞ்சு வேண்டாம். அடுத்த வருஷம் பாப்பம்."

"அடுத்த வருஷம் காசு வருமோ எண்டு தெரியாது. அண்ணை இந்தக் குளிரை எப்பிடித் தாங்குவார்?"

"தெரியும். நான் ராவிலை அந்த மனிசன்ரை இருமலைக் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறன்." அவர் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "இராஜேந்திரன் எண்டொரு பெடியன். ஜேர்மனிக்கு எண்டு போனவன். ஒரு சேதியும் இல்லை. அவன் இல்லாட்டிலும் அவன்ரை தாய் ஒருநாள் வந்து கேட்டா, பஞ்சு போடுறதுக்காக எறிஞ்சுபோட்டன் எண்டு சொல்லுறதோ?"

டொலறஸ் ஏணியில் ஏறி லொஃப்டுக்குள் போய், சட்டங்களின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றையும் சற்றுத் தூக்கிப் பாரம் பார்த்தார். பெரும்பாலும் உடுப்புத்தான், பாரமில்லை. பின்பக்கம், கீழே நடுச்சுவர் தாங்கும் இடத்தில், சட்டங்களுக்குக் குறுக்கே நீளக் கட்டைகளை விளிம்பில் நிமிர்த்தி வைத்தால், அவற்றின் மேல் பலகை போடலாம். பலகை பஞ்சை விட உயரத்தில் நிற்கும். பஞ்சு அதன் கீழே நசியாமல் கிடக்கும். மானியத்தில் பலகைக்கு இடமில்லை. ஆனால் வீட்டுக்காரர் தன் லொஃப்டில் தானே ஒரு தட்டு அடிக்கக் கூடாது என்றும் எங்கும் சொல்லவில்லை.

பலகைக்கு டெறி வழி சொன்னான். பக்கத்துத் தெருவில் கவுன்சில் பிளாட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கழற்றிய கதவுகளும் நீளக் கட்டைகளும் தெருவோரம் குவிந்து கிடந்தன. மேஸ்திரியிடம் கேட்டு அவற்றில் சிலவற்றை அன்று மாலையே வாங்கி வந்தார்கள். கதவுகள் லொஃப்ட் வாசலுக்குள் முழுதாக நுழையாது என்பதால் பாலேந்திரா கட்டிலில் இருந்தபடியே அளவு சொல்ல, தம்பிமார் கொல்லையில் வைத்து இரண்டாக அறுத்தார்கள்.

"கைபிடியைக் கழட்டாதேங்கோ," என்று மேலிருந்து சத்தம் போட்டார் பாலேந்திரா. "பெட்டி எடுக்க வாற பெடியள் கதவைத் தட்டிப்போட்டு வரட்டும்."

மிஞ்சியது ஒன்று: வேலை நடக்கும்போது பெட்டிகள் எங்கே இருக்கும்? வெள்ளிக்கிழமை காலை, பஞ்சுச் சுருள்கள் அடைத்த வானோடு வாசலில் வந்து நின்றபோதும் டொலறஸுக்கு அதற்கு விடை கிடைத்திருக்கவில்லை. டெறி இரண்டு சுருளை இறக்கி வைத்துவிட்டு, வானுக்குள் தோன்றிய வெற்றிடத்தைக் கையால் காட்டினான். ஒரு சுருள் போனால் அந்த இடத்தில் இரண்டு பெட்டி கொள்ளும் என்றான்.

டொலறஸ் மகாலிங்கத்தைக் கூப்பிட்டார். "அண்ணை, வானுக்கை..."

"வான் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லாதே லா," என்றார் அவர். "நான் இன்னைக்கு வானைப் பாக்கல. பெட்டியை யார் தூக்குறாங்க?"

"வீட்டுக்காரர்தான். நாங்கள் தொடேல்லை."

"அப்ப ஏன் எனக்குப் போன் பண்றே? வேலையைப் பாரு."

இரவு ஷிப்ட் முடிந்து வந்த தம்பி மேலே நின்று கொடுத்தார். பகல் ஷிப்டுக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்ட தம்பி மாடிப்படியில் நின்று வாங்கினார். சுருள் மேலே போக, பெட்டி கீழே வந்தது. வசந்தமலர் கோட்டைப் போட்டுக்கொண்டு வானின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி நாயோடு வந்து, எங்கே பயணம் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, காவலுக்கு இருக்கிறேன் என்று வசந்தமலர் தன் ஆங்கிலத்தில் சொன்னார். மூதாட்டி அதற்குத் தலையாட்டிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து ஜன்னலால் கொடுத்தார்.

மேலே டொலறஸ் மூக்குமூடியைக் கட்டிக்கொண்டு முழங்காலில் நகர்ந்தார். தூரத்து ஓரத்தில் தொடங்கிப் பின்நோக்கி வந்தார். முதலில் சட்டங்களுக்கு நடுவே ஒரு அடுக்கு, பிறகு குறுக்கே இன்னொன்று. பஞ்சு தோளிலும் கழுத்திலும் அரித்தது. சொறிந்தால் இன்னும் அரிக்கும். தொட்டியின் அடியை விட்டு அதன் பக்கங்களைச் சுற்றிக் கட்டினார். தண்ணீர்க் குழாய்களுக்கு உறை போட்டார். பின்பக்கத்தில் கட்டைகளை முதலில் இறுக்கி, அவற்றுக்குக் கீழே பஞ்சை இழுத்துவிட்டு, மேலே கதவுகளை ஆணியடிக்காமல் திருகாணியால் பூட்டினார். ஒரு முனை ஆடியது. கழற்றி, கீழே சிறு துண்டு கொடுத்து, மறுபடி பூட்டினார். பிறகு தன் முழுப் பாரத்தையும் அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிகளை ஏற்றச் சொன்னார்.

மூடியின் முதுகிலும் ஒரு துண்டுப் பஞ்சைக் கட்டி, அதன் விளிம்பைச் சுற்றி நுரைப்பட்டி ஒட்டி முடிக்கும்போது மத்தியானம் திரும்பியிருந்தது. வசந்தமலர் வானிலிருந்து இறங்கி மேலே வந்தார்.

"பாக்கப் போறியளோ?" என்று கேட்டு, டோர்ச்சை நீட்டினார் டொலறஸ்.

"நானோ? ஐயோ, இவ்வளவு நாளும் நான் அதுக்குள்ளை தலையை விட்டதே இல்லை. பெடியள்தான் ஏத்திவைச்சவை."

"ஏறுங்கோ அக்கா, நான் ஏணியைப் பிடிக்கிறன். பாக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது."

வசந்தமலர் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார். டொலறஸின் கண்ணுக்கு அவருடைய காலுறை மட்டும் தெரிந்தது. மேலே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல நகர்ந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. அவர் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் இறங்கினார்.

"சரியோ?" என்றார் டொலறஸ்.

"எல்லாரும் இருக்கினம்."

"அப்ப கேளுங்கோ. பஞ்சுக்கு மேலை ஒண்டும் வைக்கக் கூடாது. பெட்டி கூடினாலும் அந்தத் தட்டிலை மட்டும்தான். ஓரத்திலை காத்து வாற வழியைத் துணியாலை அடைக்கக் கூடாது. மூடியை எப்பவும் இறுக்கி மூடி வைக்கவேணும்."

"நீங்கள் சொன்னாச் சரி."

தாளை மாடிப்படியின் கைபிடிக் கட்டையில் வைத்து வசந்தமலர் தமிழில் கையெழுத்து வைத்தார். டொலறஸ் அதைப் பார்த்து மடித்து, ஒரு பிரதியைக் கிழித்து அவரிடம் கொடுத்தார். பிறகு ஏணியில் இரண்டு படி ஏறி, மூடியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் நாலு மூலையும் அழுத்தினார். நுரைப்பட்டி அமர்ந்தது.

"இந்தாங்கோ அக்கா," என்றார். "உங்கட வீடு."