மைக் அண்ணன் கண்டுபிடித்த துரோகி

என் வீட்டுக்காரரை மைதானத்தில் எல்லோரும் மைக் அண்ணன் என்பார்கள். வீட்டில் நான் வைத்திருக்கும் பெயர் வேறு. அது எழுதத் தகுந்ததல்ல. வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து எண் எழுதிக் கொடுப்பார். ஏழாவது நாள் எங்கள் பகுதி ரக்பி அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்வார். இந்த இரண்டாவது வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவராகத்தான் எடுத்துக்கொண்டார்.

அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார். கடைக்கு வந்தவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்துவிட்டால், "வெளிய உக்காந்திருந்தப்பவே மனப்பாடம் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு பலகையை மாட்டுவார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நான் பூட்டியிருந்தால் ஐந்து முறை. கல்யாணமான புதிதில் இதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

என் தம்பி டயர் கடையில் வேலை செய்கிறான். கழுத்தும் தோளும் எருமைக்கு இருப்பதுபோல் இருக்கும், பேச்சு மட்டும் பூனை மாதிரி. அவன் அந்த அணியில் சேர்ந்த வருடம்தான் இவரும் ஆட்டம் பார்க்கப் போனார். ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று அணியில் ஒரு கைப்பேசியைக் கம்பத்தில் கட்டி ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள். படம் ஊமையாக ஓடியது. யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்களேன் என்று பயிற்சியாளர் பொதுவாகக் கேட்டிருக்கிறார். இவர் எண்பது நிமிடம் பேசினார்.

முதல் நாளே மானம் கப்பலேறியது. ஒருவர் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஊன்றினார். அதற்கு ட்ரை என்று பெயர், ஐந்து புள்ளி. இவர் அந்த வீரரின் பெயரைச் சொல்லி, அவருடைய தாத்தா காலத்துப் பெருமை வரைக்கும் அளந்துவிட்டார். அந்த வீரரோ பத்து நிமிடம் முன்பே மூக்கு உடைந்து, பஞ்சை அடைத்துக்கொண்டு இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அணியில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது.

ஆனால் மனிதர் விடவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுத் தானே வர்ணனை சொல்லிப் பழகினார். சாப்பிடும்போது எதிரணியின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தார். மேல்வீட்டுக்காரர் ஒருநாள் இறங்கி வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா என்று என்னிடம் தனியாக விசாரித்தார். இரண்டு வருடத்தில் நிஜமாகவே நன்றாகப் பேச வந்துவிட்டது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு வீரரின் அம்மா, "எம் பையன் கீழ விழுந்தா, எழுந்துட்டான்னு அடுத்த மூச்சுல சொல்லிடுறீங்க, அதுக்காகவே கேக்குறேன்" என்று எழுதியிருந்தார். அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். அன்று எனக்கு அவர்மேல் கொள்ளை ஆசை வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்தானே.

மைதானத்து ஓரத்தில் பந்துகளும் மெத்தைகளும் போட்டுவைக்கும் அறையின் மொட்டைமாடிதான் அவருடைய இடம். ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி, காகிதம் பறக்காமலிருக்கத் துணிக் கிளிப்புகள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரன் கண் சிமிட்டுவதுகூடத் தெரியும் என்பார். கண் பரிசோதிப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வருடம்தான் வினை வந்தது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக நிற்கும். அதற்கு லைன்அவுட் என்று பெயர். ஒருவர் வெளியிலிருந்து நடுவில் பந்தை எறிய, இரண்டு பக்கமும் ஒருவரைத் தூக்கிப் பிடித்து எட்டிப் பிடிக்கவைப்பார்கள். வரிசையின் முன்னாலா பின்னாலா, எங்கே எறியப்போகிறார் என்பது அவருடைய அணிக்கு மட்டும் ஒரு சைகையால் தெரியும். எங்கள் அணிக்கு எறிகிறவன் என் தம்பி.

தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் அவன் எறிந்த பந்தையெல்லாம் எதிரணி பறித்தது. வேறு வேறு அணிகள். ஆனால் மூன்றுமே அவன் எங்கே எறிவான் என்று முன்பே தெரிந்ததுபோல் அங்கே போய்க் குதித்தன. சைகையை மாற்றினார்கள். மாற்றிய சைகையும் எதிரணிக்குத் தெரிந்துவிட்டது. யாரோ உள்ளேயிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பயிற்சியாளர் சந்தேகப்பட்டார். என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா.

அன்றிலிருந்து வீட்டில் துப்பறியும் வேலை தொடங்கியது. ஆட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அவன் கைப்பேசி அடித்தால் இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். அவன் எழுந்து போய்ப் பேசினால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். எதிரணி ஒன்றின் பயிற்சியாளருடைய வேன் டயர் கடை வாசலில் நின்றதை இவரே பேருந்திலிருந்து பார்த்தாராம். டயர் கடைக்கு வேன் வராமல் விமானமா வரும் என்று கேட்டேன். "வரட்டும். அரை மணி நேரம் சிரிச்சுப் பேசணுமா?" என்றார். பேருந்தில் போனவருக்கு அரை மணி நேரக் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, குழம்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

அப்புறம் அந்தக் காலணி. தம்பி நல்ல உசத்தியான ஆட்டக் காலணி ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். ஒருத்தர் கொடுத்தார் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அந்தக் காலணியை இன்னொரு முறை பார்த்தேன்.

அடுத்த வாரம் இவர் பயிற்சியாளரைத் தனியே அழைத்து, மச்சானைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். சொந்த மச்சானைப் பற்றியே சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கும் என்று பயிற்சியாளர் எடுத்துக்கொண்டார். தம்பியை ஓரத்தில் உட்காரவைத்து வேறொருவரை எறிய விட்டார். காரணம் யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அணியில் எல்லோருக்கும் தெரியும். அவன் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்ததாம்.

அந்த ஆட்டத்திலும் பந்து பறிபோனது. முதல் கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, பிறகு வரிசையாகப் போனது. அப்போதாவது இவருக்கு உறைத்திருக்க வேண்டும். "பெஞ்சுல இருந்தே சொல்லியிருப்பான்" என்றார்.

பழைய ஆட்டங்களின் பதிவுகள் எல்லாம் கைப்பேசியில் இருக்கும். ஒரு பகல், அவர் கடைக்குப் போனதும், துணி மடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றாவது பதிவில் என் கை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரின் குரல், வெற்றிலை போட்டவர்போல் குஷியாக: "கவனிச்சீங்களா? முழங்கையைத் தொட்டா பந்து முன்னால போகுது. தலையைத் தொட்டா பின்னால. இதை நான் சொல்லாம வேற யார் சொல்லுவா உங்களுக்கு?" பன்னிரண்டாவது நிமிடம். பதினாறாவது நிமிடத்திலிருந்து பந்து பறிபோகத் தொடங்கியது. மற்றப் பதிவுகளைக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் இதே கதை. புதுச் சைகையைப் பார்ப்பார், இரண்டு மூன்று எறிதலில் கண்டுபிடிப்பார், பெருமையாக உலகத்துக்கே சொல்வார். ஆடுகிறவர்களுக்குக் கேட்காது. நம் பயிற்சியாளர் கத்துவதிலேயே குறியாக இருப்பார். எதிரணியின் பெஞ்சில் யாராவது ஒருவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எங்கள் ஒளிபரப்பைக் கேட்டால் போதும்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "உன் தம்பியைக் காப்பாத்தப் பாக்குற" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியை வீசியிருப்பேன், என்னுடையது என்பதால் தப்பித்தது. சரி, அடுத்த ஆட்டத்தில் சைகையைத் தலைகீழாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். ஒன்றும் நடக்காது பார் என்று சவால் விட்டுவிட்டுப் போனார்.

நான் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய சைகை, எறிகிறவர் பந்தைச் சட்டையில் துடைத்தால் முன்னால், துடைக்காவிட்டால் பின்னால். இவர் மாற்றிச் சொன்னார். துடைத்தால் பின்னால் போகிறது பாருங்கள் என்று அடித்துப் பேசினார். ஆறு நிமிடம் கழித்து ஒரு லைன்அவுட். "துடைக்கிறார்... எறிகிறார்... முன்னால நம்ம ஆள் பிடிச்சிட்டார். எதிரணி..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். எதிரணி முழுவதும் பின்னால் போய் ஒருவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது என்று பிறகு சொன்னார். காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒருவர் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து மொட்டைமாடியையே முறைத்தாராம்.

எனக்குக் காற்றும் விசிலும்தான் கேட்டன. சத்தம் வரவில்லையே என்று ஒளிபரப்பைப் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். நாலு நிமிடம். எண்பது நிமிடமும் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அழுதேன். ஜெயித்த சந்தோஷமா, அவர்மேல் வந்த பரிதாபமா, சொல்லத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பயிற்சியாளரிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தத் தைரியம் அவருக்கு உண்டு. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டாராம். மைக்கை வைத்துக்கொள்ளுங்கள், வாயை மட்டும் அளந்து திறங்கள் என்று சொல்லிவிட்டு, அன்று மைதானத்துக்கே வராத தம்பியின் ஆட்டச் சட்டையை இவரிடமே கொடுத்து, நீங்களே போய்க் கூப்பிடுங்கள் என்று அனுப்பினார்.

இவர் போகவேண்டி இருக்கவில்லை. மறுநாள் தம்பியே வந்தான். இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சட்டையை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"நான் அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா."

வேனில் வந்த அந்தப் பயிற்சியாளர்தான். அதுவரை டயரைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லையாம். இவனை உட்கார வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போன வாரம் வந்து கூப்பிட்டிருக்கிறார். காலணியைக் கொடுத்தது, முழங்கால் போய் ஆட்டத்தையே விட்டுவிட்ட ஒரு பழைய ஆட்டக்காரர். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இவன் சொல்லவில்லை.

இவர் உட்கார்ந்துவிட்டார். "தப்புப் பண்ணிட்டேன்டா. என்னை மன்னிச்சிடு" என்றார். அந்த வார்த்தையை நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு மாமா. சந்தேகம் யாருக்கும் வரும். நாலு வாரம் இந்த வீட்டுல உங்ககூட உக்காந்து சாப்பிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

சத்தம் போடவில்லை. அதே பூனைக் குரல். இவர் சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். நான் தட்டு வைக்கப் போகிறேன் என்று எழுந்தேன். பசியில்லை என்று சொல்லிவிட்டு அவன் வாசலுக்குப் போனான். நானும் கூடவே போனேன்.

"நல்லவேளை அக்கா, நீ பதிவெல்லாம் போட்டுக் கேட்ட," என்றான். "நீ ஒருத்தியாவது என்னை நம்பியிருக்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று பகலில் துணியை மடித்துக்கொண்டு நான் அந்தப் பதிவுகளைப் போட்டது அவனைக் காப்பாற்ற அல்ல. அவன் எறியும்போது எதிரணிப் பக்கம் ஜாடை காட்டுகிறானா என்று பார்க்கத்தான் போட்டேன். மூன்று பதிவு அவன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றும் அகப்படாத பிறகுதான் என் காதில் இவர் குரல் விழுந்தது.

"உன்னை நம்பாம இருப்பேனா" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், அவன் போய்விட்டானா என்று கேட்டார். போய்விட்டான் என்றேன்.