சும்மா இருந்த பத்துப் பேர்

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும்; பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கம். ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றும் இல்லாமல் மாடிப்படிகளையும், மருமகள் காலையில் போடும் தும்மல்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது எரிச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவளே வந்து, "மாமா, எனக்கு எண்ணுறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள்.

மகன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருடத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் நானும் அவளும்தான். அவள் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து வருடங்கள் ஓடிவிட்டன. பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு நீட்டிப்புக் கொடுத்திருந்தது. அதற்குள் முடிக்காவிட்டால் பதிவே போய்விடும். இதை நினைத்து அவள் தூங்கினாளோ என்னவோ, நான் தூங்கவில்லை.

ஆய்வு இதுதான்: வாலிபால் ஆடும் பெண்கள் இன்னும் உயரமாக எம்ப வேண்டுமானால், தரையில் பயிற்சி செய்வது நல்லதா, தண்ணீரில் நின்று செய்வது நல்லதா. முப்பது மாணவிகள், மூன்று கூட்டம். ஒரு கூட்டம் மைதானத்தில் மணல் மூட்டையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்பும். மரப்பெட்டி மேல் குதித்து ஏறி, இறங்கி, மறுபடி எம்பும். இரண்டாவது கூட்டம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று குதிக்கும். "மேல போகும்போது தண்ணி இழுக்கும். கீழ வரும்போது அதுவே தாங்கிக்கும் மாமா. முட்டிக்கு வலி தெரியாது" என்றாள். மூன்றாவது கூட்டத்துக்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. வழக்கமான ஆட்டத்தோடு சரி.

ஒன்றும் செய்யாதவர்களை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாட்டியும் ஆடி ஆடியே கொஞ்சம் கூடும்லா. அதைக் கழிச்சாத்தான் பயிற்சியால வந்தது எவ்வளவுன்னு தெரியும்."

காலி லாரியை முதலில் எடை போடுவது போல. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

யார் எந்தக் கூட்டம் என்று சீட்டுப் போட்டோம். டிபன் பாக்ஸிலிருந்து சீட்டை எடுத்தவன் நான். கடலோரத்துக் கீழவைப்பாரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், அணியிலேயே குள்ளம், மூன்றாவது கூட்டத்தில் விழுந்தாள். "தாத்தா, வேற சீட்டு எடுங்களேன்" என்றாள் மெதுவாக. அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம்வரை அவள் முகம் கண்ணிலேயே நின்றது.

வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். எங்கள் கடல் குளம் மாதிரிதான், அலை பெரிதாக இராது. ஆனால் ஏற்றம் இறக்கம் உண்டு. ஆறு மணிக்கு இடுப்பில் நின்ற தண்ணீர் ஏழு மணிக்கு விலாவுக்கு வந்தால் பயிற்சி பயிற்சியாக இராது. வலை மிதவைகளைக் கட்டிய கயிறு ஒன்றை அடிக்கடி இடம் மாற்றிப் போட்டு, அந்த வரிசையில் பத்துப் பேரையும் நிறுத்தி, குதிப்பதை அட்டையில் கோடு போட்டு எண்ணுவேன். எனக்கு ஆயிரம் பயம். உடைந்த பாட்டில், தொட்டால் அரிக்கும் சொறிமீன், மணலுக்குள் பதுங்கிக் கிடந்து மிதித்தால் முள்ளால் குத்தும் திருக்கை. "காலைத் தூக்கி வைக்காதீங்கம்மா, தேச்சுத் தேச்சு நடங்க" என்று ஒவ்வொரு நாளும் கத்துவேன்.

"தாத்தா, திருக்கை குதிச்சா அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க" என்பாள் ஒருத்தி.

பிறகு மைதானத்துக்கு வந்து மணல் மூட்டைக்காரிகளுக்கும் அப்படியே எண்ணுவேன். மூன்றாவது கூட்டம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டி மேலிருந்து ஒருத்தி, "ஏளா, சும்மா கூட்டம், ஒரு சோடா வாங்கிட்டு வாங்களா" என்பாள். "நாங்க எந்திரிச்சா ஆராய்ச்சி கெட்டுப்போகும்ளா" என்று மரத்தடியிலிருந்து பதில் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்து, தொடக்கத்தில் எடுத்தது போலவே கடைசி அளவும் எடுத்தோம். விரல் நுனியில் சுண்ணப்பொடியைத் தொட்டுக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். நின்றபடி எட்டும் இடத்தில் ஒரு தடம், எம்பித் தொடும் இடத்தில் ஒரு தடம். நடுவில் இருப்பதுதான் கணக்கு. தண்ணீர்க் கூட்டமும் தரைக் கூட்டமும் நன்றாகவே கூடியிருந்தன. மருமகள் முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன்.

கீழவைப்பார்ப் பெண் எம்பினாள். நான் ஸ்டூல் மேல் ஏறி டேப்பைப் பிடித்தேன். தப்பாக இருக்கும் என்று மறுபடி பிடித்தேன். மூன்றாம் தடவையும் அதேதான். முப்பது பேரில் அவளைப் போல் கூடியவர்கள் யாரும் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் இல்லை. பொடி அப்பிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

"இது எப்படிளா வந்துச்சு?" என்றாள் மருமகள்.

"தெரியல மிஸ்."

"நெசத்தச் சொல்லு."

"சனி ஞாயிறு வீட்டுக்குப் போவேன்லா மிஸ். அங்கன கடல்ல நின்னு குதிப்பேன். தாத்தா சொல்லுத மாதிரியே, இடுப்பளவுல." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "நான் மட்டும் இல்ல மிஸ்" என்றாள்.

ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். விடுதி மொட்டைமாடியில் ஒரு கோஷ்டி. படிக்கட்டில் ஒருத்தி. வீட்டில் அரிசிப் பையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி. அப்பா கேட்டதற்குப் பரீட்சைக்குத் தயார் செய்கிறேன் என்று சொன்னாளாம். பத்துப் பேரில் உண்மையிலேயே சும்மா இருந்தவள் ஒருத்திதான். அவளுக்கும் நடுவில் அம்மை போட்டிருந்தது.

"எதுக்குளா இப்படிச் செஞ்சீங்க?"

"அவளுவ எம்புதத நெதமும் பாத்துக்கிட்டு எப்படி மிஸ் இருக்க? டீம் எடுக்கும்போது எங்கள விட்டுருவீங்கல்லா." கீழவைப்பார்ப் பெண்தான் சொன்னாள். "என்னைய வெளிய அனுப்பிராதீங்க மிஸ்."

மருமகள் யாரையும் திட்டவில்லை. போய் முகம் கழுவிட்டு வாங்க என்றாள்.

அன்று ராத்திரி இடியாப்பம் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்றாவது கூட்டம் கெட்டுவிட்டால் ஆய்வே நிற்காது. எனக்கு அவள் பட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது. "அந்தப் பத்து அளவையும் கொஞ்சம் கொறச்சு எழுதிட்டா என்ன? எழுதினவன் நான்தான். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்களா இதச் சொல்லுதீய?"

"உனக்காகச் சொன்னேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. நாற்பது வருடத்தில் ஒரு மூட்டையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவன் என்று என்னைப் பற்றி அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையில் முப்பத்தோரு வருடம்தான். திருத்தினாலும் கேட்பதில்லை.

மறுநாள் ஆய்வு நெறியாளரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். முதலிலிருந்து செய்ய வேண்டும், வேறு கல்லூரியில், வேறு பிள்ளைகளை வைத்து என்றார் அவர். மிச்சமிருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். உடனே ஆரம்பித்தால் நீட்டிப்புக்குள் முடிக்கலாம், பத்து நாள் மிஞ்சும். நான் பரபரத்தேன். அவளோ, இந்தத் தடவை சும்மா இருக்கப்போகும் பிள்ளைகளிடம், அளவெடுத்த மறுநாளே உங்களுக்கும் இதே பயிற்சி என்று முதல் நாளே சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். பிறகு, "அதுக்கு முந்தி நம்ம பத்துப் பேரையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"அவங்களால ஆராய்ச்சிக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்லையே. இருக்கிற நாளும் போயிரும்மா."

"டீமுக்கு நாந்தான மாமா ஆள் எடுக்கணும்? அவளுவ பயந்தது ஞாயம்தான."

புதுக் கல்லூரிக்கு மூன்று நாள், இவர்களுக்கு மூன்று நாள் என்று பிரித்துக்கொண்டோம். ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பத்துப் பேரும் வந்து நின்றார்கள். கீழவைப்பார்ப் பெண் எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, கயிற்றின் ஒரு நுனியை எடுத்துக்கொண்டு போனாள். நான் வழக்கப்படி அட்டையையும் பென்சிலையும் எடுத்தேன். "இவளுவளுக்கு அது வேண்டாம் மாமா, கயிறப் பிடிங்க" என்றாள் மருமகள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறு நுனியைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீர் குளிராகத்தான் இருந்தது.

அவள் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அவர்கள் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள். கல்யாணத்துக்கு முன் மாவட்ட அணியில் ஆடியவள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் குதித்து நான் பார்த்ததில்லை.

"ஊதுங்க மாமா."

ஊதினேன். பதினோரு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். அவள் எவ்வளவு உயரம் போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.