பக்கத்து சீட்டில் நான்கு மணி நேரம்

டொரண்டோவிலிருந்து துபாய்க்குப் பதினோராயிரம் கிலோமீட்டர், விமானத்தில் பதின்மூன்று மணி நேரம். துபாயிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம். துபாயில் நான் வேலை செய்யும் கம்பெனியின் அல் கூஸ் லேபர் கேம்ப்பில் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்துப் பார்த்து எனக்கு இது மனப்பாடமாகிவிட்டது. "என்னண்ணே, பிளைட்ட நீங்கதான் ஓட்டப்போறீங்களா?" என்று ரூமில் ஒருவன் கிண்டலடித்தான். அடிக்கட்டும். அவனுக்குப் பெண் பிள்ளை இல்லை.

என் மகள் கல்யாணமாகி டொரண்டோ போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொழுந்தன் கல்யாணத்துக்காகத் தனியாக வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். துபாயில் விமானம் மாறி, சென்னையில் இறங்கியதும் மாமியார் வீட்டார் வேலூருக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். அப்புறம் கல்யாணக் கூட்டத்தில் அவளோடு யார் பேச முடியும்? அதனால் ஃபோர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, அதே விமானத்தில் அவள் பக்கத்து சீட்டையே பிடித்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். அங்கே அவள் நன்றாக இருக்கிறாளா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள். குரல் அப்படிச் சொல்லாது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

துபாய் ஏர்போர்ட் கேட்டில் பார்த்தபோது இளைத்திருந்தாள். "என்னப்பா, இப்படி நரைச்சுப்போச்சு" என்றாள். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். பெல்ட் போட்டதுமே கேட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கேன்ப்பா. நீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அவள் அம்மாவின் முழங்கால் வலி, டொரண்டோ குளிர், என் டூட்டி. கடல் தாண்டுவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. இருபது வருடமாகப் போனிலேயே பேசியவர்கள் நாங்கள். பேச்சு தீர்ந்தால் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். இங்கே வைக்க வழியில்லை. திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அது எப்படி இருக்கும் என்று தெரிகிற அளவுக்கு நான் அவள் கூட இருந்ததே இல்லை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு வேண்டுமா என்று கேட்ட பணிப்பெண்ணிடம் எரிந்து விழுந்தேன்.

சென்னையில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். திண்டிவனம் தாண்டியதும் அவளிடமிருந்து போன்.

"அப்பா, என்னால அங்க முடியலப்பா. அவரு எங்கிட்ட பேசுறதே இல்ல. நாள் பூரா ஒரு ரூமுக்குள்ளயே கெடக்கேன். திரும்பிப் போகணும்னு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது."

"பிளைட்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"வாய் வரைக்கும் வந்துச்சுப்பா. உங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? மொட்டை மாடில நின்னு பேசுறேன், கீழ கூப்புடுறாங்க. நான் என்னப்பா செய்யட்டும்?"

போகாதே, நம் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். கேம்ப்புக்குப் புதிதாக வந்து அழுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதையே அவளிடமும் சொன்னது.

"கொஞ்ச நாள் போனா பழகிடும்மா."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இத்தனை வருடமாகியும் எனக்கே பழகவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.