நெற்றியில் ஒரு சிலுவை

தருவைகுளம் பேருந்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து சீட்டு அக்காவுக்கு நல்ல இருமல். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமுகிறார். நாகரிகமான மனுஷி.

“ஏளா, மாஸ்க்கு போட்டிருக்கியே, ஒனக்கு என்ன சீக்கு?” என்று கேட்டார்.

“கிட்னி மாத்தி வச்சிருக்குக்கா. புதுக் கிட்னிய ஒடம்பு ஏத்துக்கிடணும்னு எதிர்ப்புச் சக்திய கொறைக்க மாத்திரை தாராங்க. அடுத்தவங்க சளி ஒட்டுனாலே ஆஸ்பத்திரிதான். போன வருசம் பத்து நாள் ஆக்சிஜன்ல கெடந்தேன்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாதாவே! இந்தச் சளி பொல்லாதது பிள்ள. எனக்கே ஒரு வாரமா விட மாட்டேங்கு.”

தள்ளி உட்காருவார் என்று நினைத்தேன். இன்னும் நெருங்கி வந்து, கண்ணை மூடி எனக்காக ஜெபித்தார். நடுவில் இரண்டு முறை இருமினார், வாயைப் பொத்திக்கொண்டுதான். முடித்ததும் அதே கையின் பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார்.

ஆமென் சொன்னேன். வேறென்ன சொல்ல?

பையில் சானிடைசர் இருக்கிறது. அக்கா இறங்க இன்னும் நாலு ஸ்டாப் இருக்கிறது.

சிலுவை போட்ட நெற்றியைத் துடைத்தால் பாவமா? ஃபிரண்ட் லிஸ்ட்டில் சாமியார் யாராவது இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.